கிளைடர் ஓட்டும் மகனுக்கு எந்த பீக்கன்?

கேள்வி: அமெரிக்காவின் நெவாடாவில் வேலை பார்க்கும் என் மகன் அங்கே இன்ஜின் இல்லாத விமானமான கிளைடரை ஓட்டப் பழகுகிறான். விபத்து நேர்ந்தால் இருக்குமிடத்தைத் தெரிவிக்கும் பீக்கன் ஒன்றை வாங்கித் தர விரும்புகிறேன். விமானத்தில் பொருத்தும் ஈ.எல்.டி., உடலோடு வைத்துக்கொள்ளும் பி.எல்.பி. இரண்டில் எது நல்லது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஒன்றுதான் வாங்குவதென்றால் பி.எல்.பி. வாங்குங்கள். இரண்டுமே 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் என்னும் பன்னாட்டுத் தேடல்-மீட்பு ஏற்பாட்டின் செயற்கைக்கோள்களுக்குத்தான் சிக்னல் அனுப்புகின்றன. விபத்துக்குப் பின் கருவி எங்கே கிடக்கிறது, அதை இயக்குவது யார் என்பதில்தான் வேறுபாடு. ஈ.எல்.டி. மோதலின் அதிர்ச்சியை உணர்ந்து தானே இயங்கும் என்பதால், விமானி நினைவிழந்து கிடந்தாலும் உதவும். ஆனால் அதே மோதலில் ஆன்டெனா முறியலாம், இணைப்புக் கம்பி அறுந்து போகலாம், தீயும் பிடிக்கலாம். கிளைடரில் 50,000 அடிக்கு மேல் பறந்து சாதனை படைத்த ஸ்டீவ் ஃபாசெட், 2007 செப்டம்பரில் அதே நெவாடாவிலிருந்து சிறு விமானத்தில் தனியே கிளம்பிக் காணாமற்போனார். விமானத்தில் ஈ.எல்.டி. இருந்தும் சிக்னல் எதுவும் கிடைக்கவில்லை. நொறுங்கிய பாகங்கள் சியரா நெவாடா மலையில் அகப்பட ஓராண்டுக்கு மேலாயிற்று.

கிளைடருக்கு இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. கிளைடர் விமானிகள் பெரும்பாலும் பாராசூட் அணிந்தே பறப்பதால், நடுவானில் குதிக்க நேர்ந்தால் ஈ.எல்.டி. கிளைடரோடு ஒரு பக்கம் போய்விடும், விமானி வேறொரு பக்கம் இறங்கியிருப்பார். மேலும், கார்பன் நாரால் ஆன உடற்பகுதி ரேடியோ அலைகளைத் தடுப்பதால், அதற்குள்ளே ஆன்டெனாவை வைத்தால் பயனில்லை. அமெரிக்கச் சட்டமும் கிளைடருக்கு ஈ.எல்.டி.யைக் கட்டாயமாக்கவில்லை.

பி.எல்.பி.யை இருக்கைப் பக்கத்துப் பையில் போட்டுவைக்காமல் பாராசூட் பட்டையிலோ சட்டையிலோ மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆன்டெனாவை விரித்துப் பொத்தானை அழுத்த ஒரு கையாவது இயங்க வேண்டும் என்பது அதன் குறை. ஆகவே கிளப்பின் கிளைடரில் ஈ.எல்.டி.யும் இருந்துவிட்டால் மிக நல்லது.

கேள்வி: பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் ஈ.எல்.டி. மலிவாகக் கிடைக்கிறதாமே?
– அதே வாசகி

பதில்: வேண்டாம். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கவனிப்பதில்லை. அருகே பறக்கும் விமானமோ தரை நிலையமோ தற்செயலாகக் கேட்டால்தான் உண்டு. 406 கருவியிலும் ஜி.பி.எஸ். உள்ளதையே கேட்டு வாங்குங்கள்: அது இல்லாவிட்டால் தேட வேண்டிய வட்டம் சில கிலோமீட்டர், இருந்தால் ஏறக்குறைய 100 மீட்டர்.

கேள்வி: சிட்னியிலுள்ள என் தம்பி தன் பி.எல்.பி.யைத் தருவதாகச் சொல்கிறான். அதையே மகனுக்குக் கொடுக்கலாமா? பதிவில் என் கைபேசி எண்ணைத் தரலாமா?
– அதே வாசகி

பதில்: அப்படியே கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு பீக்கனுக்குள்ளும் ஒரு நாட்டின் குறியீடு பதிந்திருக்கும். ஆஸ்திரேலியக் குறியீட்டோடு நெவாடாவில் அது ஒலித்தால், உரிமையாளர் யாரென்ற விசாரணை ஆஸ்திரேலியப் பதிவேட்டுக்குப் போய், அங்கே தங்கள் தம்பியின் பெயரையே காட்டும். உரிய சேவை மையத்தில் குறியீட்டை மாற்றி, பேட்டரியின் காலாவதித் தேதியையும் பார்த்த பிறகே பயன்படுத்தலாம். அந்தச் செலவுக்குப் புதியதே மேல் என்பது என் எண்ணம். அமெரிக்காவில் நோவா (NOAA) என்னும் அரசு அமைப்பிடம் இலவசமாகப் பதியலாம், இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சோதித்துப் பார்க்கும் ஆவலில் உண்மையான சிக்னலை அனுப்பிவிடாமல், கருவியிலுள்ள சுயசோதனைப் பொத்தானை மட்டும் பயன்படுத்தட்டும்.

தொடர்பு எண்ணாக முதலில் கிளைடர் கிளப்பில் அன்றன்றைய பயணத் திட்டம் தெரிந்த ஒருவரின் எண்ணைக் கொடுங்கள், தங்களுடையதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். சிக்னல் வந்ததும் மீட்பு மையம் பதிவிலுள்ள எண்களை அழைத்து, தங்கள் மகன் உண்மையிலேயே பறக்கிறாரா, எந்தத் திசையில் போனார் என்று விசாரிக்கும். நெவாடாவில் நண்பகலாக இருக்கும்போது கோவையில் நள்ளிரவு கடந்திருக்கும், தாங்கள் உறக்கத்தில் இருக்கலாம்.