கிழட்டுக் குதிரையின் தோள்பட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய பேஸ்பால் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தேடினேன். 1884இல் சார்லஸ் ராட்பர்ன் என்ற பிட்சர் (பந்து வீசுபவர்) ஒரே சீசனில் 59 ஆட்டங்களை ஜெயித்தார் என்கிறார்கள். சிலர் 60 என்கிறார்கள். எது சரி? ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்சில் நாலு ஓவர் போட்டாலே மறுநாள் எனக்குச் சட்டை மாட்ட முடிவதில்லை. இந்த மனிதர் எதற்காக இப்படி உடம்பை வதைத்துக்கொண்டார்? காசுக்கா, வீம்புக்கா?

ரா.

அன்புள்ள ரா.,

எண் தகராறை முதலில் முடித்துவிடுவோம். பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். அந்த ஆண்டு ஜூலை 28ஆம் தேதி நடந்த ஓர் ஆட்டத்தில், ராட்பர்னின் அணியில் இருந்த மில்லர் என்ற பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் வீசி, அணி முன்னணியில் இருக்கும்போது விலகினார். மிச்சத்தை ராட்பர்ன் வீசினார். அன்றைய ஸ்கோரர் வெற்றியை ராட்பர்ன் பேரில் எழுதினார். இன்றைய விதிப்படி அது மில்லருக்குச் சேரும். அந்த ஒன்றுதான் வித்தியாசம். நான் 59 என்றே சொல்வேன். ஒன்று குறைந்தால் என்ன குடி முழுகிவிடும்?

உங்கள் இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. ராட்பர்ன் ஆடிய பிராவிடன்ஸ் அணியில் சார்லி ஸ்வீனி என்று இன்னொரு பிட்சரும் இருந்தார். இருவருக்கும் ஆகாது. ஜூலையில் ராட்பர்ன் கோபத்தில் ஏனோதானோவென்று பந்து வீசினார் என்று நிர்வாகம் அவரைச் சஸ்பெண்ட் செய்தது. ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, ஸ்வீனி நடு ஆட்டத்தில் மேனேஜர் பேச்சைக் கேட்க மறுத்து மைதானத்தைவிட்டே போய்விட்டார். மாற்று ஆளை இறக்க விதியில் இடமில்லை. எட்டுப் பேரோடு ஆடித் தோற்றார்கள். அப்புறம் ராட்பர்னிடம்தான் வந்து நிற்க வேண்டியிருந்தது.

அவர் பேசிய பேரம் இதுதான்: மிச்ச சீசனை நான் சுமக்கிறேன்; சம்பளத்தைக் கூட்டுங்கள், சீசன் முடிந்ததும் என்னை விட்டுவிடுங்கள். அந்தக் காலத்தில் 'ரிசர்வ்' என்றொரு விதி இருந்தது. அணி தன் ஆட்டக்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டால் அவர் வேறு அணிக்குப் போக முடியாது. பிட்சருக்கு அந்தக் கட்டிலிருந்து வெளியேற இருந்த ஒரே நாணயம் அவருடைய தோள்தான். அதனால் காசு என்று மட்டும் சொல்லிவிட மாட்டேன்.

அந்த ஆண்டு அவர் வீசியது 678 இன்னிங்ஸுக்கும் மேல். இன்று ஒரு சீசனில் 200 வீசினாலே பெரிய விஷயம். வீசும் தூரம் அப்போது 50 அடி, இன்று 60 அடி 6 அங்குலம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வலி வலிதான். காலையில் தலை வாரக் கை எழும்பாதாம். உடன் ஆடியவர்கள் சொன்ன கதை இது: மற்றவர்களுக்கு முன்பே மைதானத்துக்குப் போய், சில அடி தூரத்திலிருந்து கையைத் தாழ்த்தி மெல்லப் பந்தைத் தூக்கிப் போடுவாராம். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, தோள் இளகிய பிறகுதான் முழு வேகம். 'ஓல்ட் ஹாஸ்', அதாவது கிழட்டுக் குதிரை என்று பேர் வைத்தார்கள். நாம் மாடு மாதிரி உழைக்கிறான் என்போமே, அதே மாதிரி.

அக்டோபரில், இன்னொரு லீகின் சாம்பியனான நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ஸுக்கு எதிரான தொடரின் மூன்று ஆட்டங்களையும் அடுத்தடுத்த நாட்களில் அவரே வீசி ஜெயித்தார். இத்தனைக்கும் பிறகு, 1885இலும் பிராவிடன்ஸுக்கே ஆடினார்! அந்த அணி கலைந்த பிறகு பாஸ்டன், கடைசியாக 1891இல் சின்சினாட்டி. பிறகு புளூமிங்டனில் சொந்தமாக ஒரு மதுக்கடை. வேட்டையில் துப்பாக்கி வெடித்து ஒரு கண் போயிற்று. 1897இல் இறந்தபோது வயது 42.

வீம்பு கேட்டீர்களே. 1886இல் பாஸ்டன், நியூயார்க் அணிகள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருக்கிறது. பின்வரிசையில் நிற்கும் ராட்பர்னின் விரல்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவுக்கு நடுவிரல் காட்டியதாகத் தெரியும் மிகப் பழைய படம் அதுதான் என்கிறார்கள்.