பொண்ணு ஒரு வருஷம் கழிச்சு யூனி போறேங்கறா, என்ன பண்றது?

வணக்கம் மேடம். நாங்க சிங்கப்பூர் செங்காங்ல இருக்கோம். பெரியவன் என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடிச்சு இப்ப யூனியில ரெண்டாவது வருஷம். பிரச்சனை சின்னவளாலதான். வயசு 19, போன நவம்பர்ல யூனிக்கு முந்தின ஏ லெவல் பரீட்சை எழுதினா, பிப்ரவரி கடைசியில ரிசல்ட் வந்துச்சு, நல்லாவே வாங்கியிருந்தா, அக்கவுண்டன்சியும் கிடைச்சிடுச்சு. இந்த மே மாசக் கடைசிக்குள்ள சீட்ட ஏத்துக்கறோம்னு சொல்லியாகணும், ஆகஸ்ட்ல கிளாஸ். இந்த நேரம் பாத்து கேப் இயர் எடுக்கறேம்மா, அடுத்த வருஷம் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா.

ஏன்டின்னா டயர்டா இருக்குங்கறா. 19 வயசுல என்ன டயர்ட் மேடம்? பரீட்சை முடிஞ்சு ரெண்டு மாசம் மதியம் 12 மணி வரைக்கும் தூங்கினா, சரி பாவம், பிரைமரி ஒண்ணுலேர்ந்து ட்யூஷன் ட்யூஷன்னு ஓடின புள்ளன்னு நானும் விட்டேன். மார்ச்லேர்ந்து பக்கத்து பிளாக் வாய்ட் டெக்ல, அதான் கீழ்த்தளத்துல, ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைங்களப் பாத்துக்கற ஸ்டூடன்ட் கேர்ல பார்ட் டைமா வேலைக்குப் போறா. வீட்டுக்கு வந்தா அந்தப் பசங்க கதைதான், யாரு ஸ்பெல்லிங் படிக்கல, யாரு அழுதா, ராத்திரி 7 தாண்டியும் யாரக் கூட்டிட்டுப் போக ஆளு வரலன்னு. புள்ளைங்கள மேய்க்கறதுக்கா ரெண்டு வருஷம் ஜூனியர் காலேஜ்ல கண்ணு முழிச்சுப் படிச்சா?

அவங்கப்பா அவளே முடிவு பண்ணட்டும்னு தமிழ் முரசு பேப்பருக்குள்ள தலைய விட்டுக்கறாரு. ஊர்லேர்ந்து எங்க அண்ணி போன் பண்ணி, ஏன் சீட் கிடைக்கலையான்னு கேக்கறாங்க, எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

நான் 1998ல கும்பகோணத்துல பி.எஸ்சி கணக்கு முடிச்சேன். எம்.எஸ்சிக்கு சீட்டே வந்துச்சு. எங்கப்பா கையில காசு இல்லம்மா, ஒரு வருஷம் கழிச்சு சேந்துக்கலாம்னாரு. தை மாசம் சிங்கப்பூர் மாப்பிள்ளைன்னு ஜாதகம் வந்துச்சு, அவ்ளோதான். அத விடுங்க, பழைய கதை. இவள எப்படி சம்மதிக்க வைக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க.

செங்காங் வாசகி

பதில்:

சகோதரி, "அத விடுங்க, பழைய கதை"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, நான் அங்கயே நின்னுட்டேன். உங்க காலத்துல ஒரு பொண்ணுகிட்ட ஒரு வருஷம் கழிச்சுப் பாக்கலாம்னு சொன்னா இனிமே கிடையாதுன்னு அர்த்தம். அதே வார்த்தை இப்ப உங்க பொண்ணு வாயிலேர்ந்து வருது, வயித்துல புளியக் கரைக்கத்தான் செய்யும். ஆனா அன்னைக்கு உங்கள யாரும் கேக்கல, இன்னைக்கு அவளே கேக்கறா. ரெண்டும் ஒண்ணா?

பெரியவன் ரெண்டு வருஷம் என்எஸ் போனப்ப ஐயோ படிப்பு விட்டுப்போச்சேன்னு அந்த அண்ணி போன் பண்ணாங்களா? சட்டப்படி போயே ஆகணும், அது வேற, ஒத்துக்கறேன். ஆனா 21 வயசுலதான் கிளாஸ்ல போய் உக்காந்திருப்பான், ஒண்ணும் குடி முழுகிடல. இவ ஆகஸ்ட்ல போனாலும் என்எஸ் முடிச்சிட்டு வர்ற பசங்க இவள விட ரெண்டு வயசு மூத்தவங்களாதான் இருப்பாங்க, அடுத்த வருஷம் போனா ஒரு வயசு. வயசு போயிடும்னு பயப்பட இதுல எதுவும் இல்ல.

அதுக்காக கேட்டத அப்படியே குடுத்துடுங்கன்னும் சொல்ல மாட்டேன். நவம்பர்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் எப்படியும் 9 மாசம் ஓய்வு வந்துடுது. அதுலயும் 12 மணி வரைக்கும் தூங்கின புள்ள இப்ப கத்தற பசங்களோட 7 மணி வரைக்கும் உக்காந்திட்டு, வந்து உங்ககிட்ட கதையும் சொல்றா, உடம்பு டயர்டா இருக்கற புள்ள செய்யற காரியமா இது? அக்கவுண்டன்சிய யாரு தேர்ந்தெடுத்தான்னு உங்க லெட்டர்ல எங்கயும் இல்ல. எனக்கு சந்தேகம் அங்கதான். அதுதான் விஷயம்னா கேப் இயரால ஒரு பிரயோஜனமும் கிடையாது, அடுத்த ஆகஸ்ட்லயும் அதே அக்கவுண்டன்சிதான் வாசல்ல நிக்கும்.

அதனால சம்மதிக்க வைக்கறத கொஞ்சம் தள்ளி வைங்க. படிப்பே வேணாமா, இல்ல இந்தப் படிப்பு வேணாமான்னு கேளுங்க. சாப்பாட்டு மேசையில கேக்காதீங்க, ராத்திரி கோப்பிக் கடைக்கு தே (டீ) வாங்கப் போறப்ப கூட்டிட்டுப் போய், நடந்துகிட்டே கேளுங்க, முகத்தப் பாக்காம இருந்தா இந்த வயசுப் புள்ளைங்க நெறைய பேசும். இந்தப் படிப்பு வேணாம்னு வந்தா, ஸ்டூடன்ட் கேர்ல அவ என்ன பாத்தான்னு விசாரிங்க. தேசியக் கல்விக் கழகத்துல ஆசிரியர் படிப்பு இருக்கு, என்யூஎஸ் யூனியில சோஷியல் வொர்க் இருக்கு. மேய்க்கறதுன்னு நீங்க சொன்ன வேலைக்கு இங்க டிகிரியே குடுக்கறாங்க சகோதரி.

அந்த ரெண்டு மாசத் தூக்கத்தோட சாப்பாடும் குறைஞ்சு, ஃப்ரெண்ட்ஸையும் பாக்காம இருந்தாளா? இப்பவும் அப்படித்தான்னா கேப் இயர் பேச்ச ஓரமா வைங்க. மனநல உதவி எண் 1771க்கு எந்த நேரமும் கூப்பிட்டுப் பேசலாம்.

இனி சீட்டு விஷயம். என்எஸ் போற பசங்களுக்கு யூனி சீட்ட எடுத்து வைக்கும். மத்தவங்க தள்ளி வைக்கக் கேட்டா, காரணத்தப் பாத்துதான் முடிவு பண்ணுவாங்க. அதனால அட்மிஷன்ஸ் ஆபீசுக்கு அவளையே மெயில் போடச் சொல்லுங்க: ஒரு வருஷம் தள்ளி வைக்கலாமா, அதே கோர்ஸ் உறுதியா கிடைக்குமா, எந்தத் தேதிக்குள்ள கேக்கணும். பதில் எழுத்துல வரட்டும், போன்ல யாரோ சொன்னாங்கன்னு நம்பிட்டு இருக்காதீங்க. முடியாதுன்னா இதே ரிசல்ட்ட வெச்சு அடுத்த வருஷம் திரும்ப அப்ளை பண்ணலாம், ஆனா சீட்டுக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டாங்க. அது தெரிஞ்சும் வேணும்னா அவ நிஜமாவே யோசிச்சிருக்கான்னு அர்த்தம்.

அப்புறம் அந்த எம்.எஸ்சி கதை. முகம் தெரியாத எனக்கு எழுதிட்டீங்க, அவளுக்குத் தெரியுமா? தே வாங்கப் போறப்ப அதையும் சொல்லுங்க. மெயில மட்டும் இன்னைக்கே போடச் சொல்லிடுங்க, மாசக் கடைசிக்குள்ள பதில் வரணும்ல.