ஒரே பங்கில் பதினோரு லட்சம்: வைத்திருக்கலாமா?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 44. பங்குகளில் மொத்தம் 18 லட்சம் இருக்கிறது. அதில் 11 லட்சம் குஜராத்தைச் சேர்ந்த ஒரே ரசாயனக் கம்பெனியில். ஆண்டறிக்கைகளைப் படித்து, 2020 சரிவில் 4 லட்சத்துக்கு வாங்கியது. மீதி 7 லட்சம் 14 பங்குகளில் கிடக்கிறது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் மச்சான், "எல்லாத்தையும் வித்துட்டு என்னை மாதிரி 25 பங்கா பிரிச்சுப் போடுங்க" என்கிறார். அவருடைய பட்டியலையும் இணைத்திருக்கிறேன். பரவலாகப் போடுவது விஷயம் தெரியாதவர்களுக்குத்தான் என்று வாரன் பஃபெட்டே சொல்கிறாரே! விலை இறங்கினால் இன்னும் வாங்கலாமா? மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள்.
– வாசகர், செம்மண்டலம், கடலூர்

பதில்: ஊரே விற்றுக்கொண்டு ஓடிய நேரத்தில் ஆண்டறிக்கையைப் படித்துவிட்டு வாங்கியிருக்கிறீர்கள். அதில் நான் சொல்ல ஒரு குறையும் இல்லை. எனக்கு உறுத்துவது அந்தக் கம்பெனி அல்ல, உங்கள் சம்பளம். மாதச் சம்பளம் ரசாயனத்திலிருந்து வருகிறது, சேமிப்பில் அறுபது சதவீதம் ரசாயனத்தில் நிற்கிறது. 2022-க்குப் பிறகு சீனச் சரக்கு குவிந்து விலைகள் சரிந்தபோது, நல்ல நிர்வாகம், மோசமான நிர்வாகம் என்று பார்க்காமல் இந்தத் துறைப் பங்குகள் பலவும் இறங்கின. அப்படி ஒரு காலத்தில்தான் தொழிற்சாலைகளில் ஓவர்டைமும் போனஸும் வெட்டுப்படும். பங்கை விற்க வேண்டிய தேவையும், விற்கக் கூடாத விலையும் ஒரே மாதத்தில் வந்து சேரும். "எனக்குத் தெரிந்த துறை" என்பது உங்கள் பலம்தான், ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

உங்கள் மச்சானின் பட்டியலையும் பார்த்தேன். 25 பெயர்களில் 13 வங்கிகளும் கடன் கொடுக்கும் நிறுவனங்களும். வாராக்கடன் பெருகும் ஒரு வருடம் வந்தால் பாதிப் பட்டியல் சேர்ந்தே சாயும். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் கலந்து வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது இரண்டும்தான் விழுந்தன. அவர்களில் எழுந்து நின்றவர்கள் பெரும்பாலும் வீட்டில் வேறு வருமானம் இருந்தவர்கள். எத்தனை பங்கு என்று எண்ணுவதைவிட, எத்தனை தனித்தனிக் காரணங்களை நம்பி நம் பணம் நிற்கிறது என்று எண்ணுவது மேல்.

இனி பஃபெட். 1960-களின் நடுவில், சாலட் எண்ணெய் மோசடியில் சிக்கி விழுந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பங்கில் தன் கூட்டு நிதியின் 40 சதவீதம் வரை போட்டவர்தான் அவர். அதே மனிதர், 2013-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில், தன் மறைவுக்குப் பிறகு மனைவிக்கான பணத்தில் 90 சதவீதத்தை 500 பெரிய நிறுவனங்கள் அடங்கிய குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் போடச் சொல்லியிருப்பதாக எழுதினார். முதல் கதை எல்லோர் வாயிலும் இருக்கிறது, இரண்டாவது அவ்வளவாக இல்லை.

அவருடைய கூட்டாளி சார்லி மங்கர் இன்னும் துணிச்சல்காரர், நாலைந்து பங்குகளுக்குள் நின்றவர். அவர் நடத்திய நிதி 1973-இல் 31.9 சதவீதமும் 1974-இல் 31.5 சதவீதமும் இறங்கியது. நூறு ரூபாய் 47-க்கும் கீழே போனது. 1975-இல் 73 சதவீதம் ஏறியும் பழைய நூறை எட்டவில்லை. அந்த மூன்று வருடம் மங்கர் வீட்டில் கல்லூரிக் கட்டணத்துக்கு யாரும் இந்தப் பணத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். இன்னொரு பக்கம், பஃபெட்டின் ஆசான் பெஞ்சமின் கிரஹாமிடமே பயின்ற வால்டர் ஷ்லாஸ் நூற்றுக்கு மேற்பட்ட மலிவுப் பங்குகளை வைத்துக்கொண்டே 28 வருடங்களில் சந்தையைப் பெரிய வித்தியாசத்தில் முந்தினார். மலிவாக வாங்கியதில் சிலது ஏமாற்றும் என்பது கிரஹாமின் கணக்கிலேயே உண்டு. பாதுகாப்பு இடைவெளி (உண்மையான மதிப்பைவிட விலை எவ்வளவு குறைவு என்பது) பார்த்து வாங்கினாலும் ஒற்றைப் பங்கு கவிழலாம், பல பங்குகள் சேரும்போதுதான் அந்த இடைவெளி வேலை செய்யும். கணக்கு மோசடி வெளிவந்த சத்யம் கம்ப்யூட்டர்ஸ் பங்கில் 2009 ஜனவரி 7 அன்று ஒரே நாளில் முக்கால்வாசிக்கு மேல் போனதே, அதற்கு முந்தைய நாள் வரை அதன் ஆண்டறிக்கையைப் படித்தவர்களும் படிப்பாளிகள்தாம்.

எனவே உங்கள் இருவரில் யார் சரி என்று கேட்டால், மச்சானின் பயம் சரி, அவர் சொல்லும் மருந்து சரியில்லை.

முதல் வேலை மகளின் படிப்பு. இன்னும் இரண்டே வருடத்தில் தேவைப்படும் பணம் பங்கில் இருக்கவே கூடாது. அந்தப் பதினோரு லட்சத்தில் ஏழு லட்சம் லாபம். பட்டியலிடப்பட்ட பங்குகளின் நீண்டகால லாபத்துக்கு ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். மார்ச் முடிவதற்குள் 1.95 லட்சத்துக்கு விற்றால் லாபம் ஏறக்குறைய 1.24 லட்சம், வரம்புக்குள் அடங்கிவிடும் (வேறு பங்கு லாபம் அந்த வருடம் இல்லாவிட்டால்). ஏப்ரலில் அதே அளவு. நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கையில் வரும். அதை வங்கி டெபாசிட்டிலோ தபால் அலுவலகத்திலோ போட்டுவிடுங்கள். வங்கியில் ஐந்து லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு.

அடுத்து அந்த 14 பங்குகள். வருடத்துக்கு 56 காலாண்டு முடிவுகள்! ஷிப்ட் முடிந்து வந்து இத்தனையையும் படிக்கிறீர்களா? ஒவ்வொன்றையும் ஏன் வாங்கினீர்கள் என்று நான்கு வரி எழுதிப் பாருங்கள். எழுத வராதவற்றை விற்று 50 பெரிய இந்தியக் கம்பெனிகள் அடங்கிய ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் சேருங்கள். ஐந்தாறு மிஞ்சினால் போதும், அதில் ரசாயனம் இன்னொன்று வேண்டாம்.

பெரிய பங்கை முழுக்க விற்கச் சொல்லவில்லை. புதிதாகச் சேமிப்பதெல்லாம் வேறு இடத்துக்குப் போனாலே மொத்தத்தில் அதன் விகிதம் தானாகக் குறையும். அது போதாவிட்டால் வருடா வருடம் அந்த 1.25 லட்ச வரம்புக்குள் கொஞ்சம் விற்றுவாருங்கள். மியூச்சுவல் ஃபண்ட் மேலாளர் ஒரே கம்பெனியில் பொதுவாகப் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. நீங்கள் அவ்வளவு கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் உங்கள் நிலையில் கால்வாசியைத் தாண்டுவது எனக்கு உடன்பாடில்லை.

விலை இறங்கினால் வாங்கலாமா என்கிறீர்கள். அந்தக் கால்வாசிக்குள் வந்த பிறகு, கம்பெனியின் கடனும் லாபமும் நீங்கள் நினைத்தபடியே இருந்தால் வாங்கலாம். இப்போதைக்கு அதில் ஒரு பங்குகூடச் சேர்க்க வேண்டாம்.