பெட்டியில் வராத கேரட்

அன்புள்ள ஐயா,

மதுராந்தகம் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து வாரம் ஒரு இயற்கைக் காய்கறிப் பெட்டி வாங்குகிறோம். பிரித்துப் பார்ப்பதே எனக்கு சந்தோஷம். ஆனால் சுரைக்காய், பூசணி, கொத்தவரை, கீரை என்றே திரும்பத் திரும்ப வருகிறது. கேரட், பீன்ஸ் கிடையாது. பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். வேறொரு நிறுவனத்தில் வருஷம் முழுக்க எல்லாக் காயும் தருகிறார்களாம். மாறிவிடலாமா? அப்புறம், இது நிஜமாகவே இயற்கைதான் என்று எப்படி நம்புவது?

ஆர்., தாம்பரம்

அன்புள்ள ஆர்.,

மாறாதீர்கள். கேரட் வராததாலேயே உங்கள் பெட்டிமேல் எனக்கு நம்பிக்கை வருகிறது. கேரட் குளிர் கேட்கிற பயிர். ஊட்டி, கேத்தி, கோத்தகிரிப் பக்கம் விளைந்து, இயந்திரத்தில் கழுவி, மேட்டுப்பாளையம் மண்டி வழியாக நமக்கு வருகிறது. செங்கல்பட்டு மாவட்டப் பண்ணை ஒன்று மே மாதம் கேரட் தந்தால், வெளியில் வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வாங்குவது தப்பில்லை, எங்கே வாங்கினோம் என்று சொல்லிவிட்டால் சரி. சொல்லாமல் எல்லாவற்றுக்கும் ஒரே பண்ணையின் பெயரை ஒட்டினால்தான் தகராறு.

ஆடியில் விதைத்தால் ஆவணி, புரட்டாசியில் வெண்டையும் கொத்தவரையும் வந்து குவியும். ஐப்பசி மழையில் முருங்கைப் பூ உதிர்ந்துவிடும். அந்த நாட்களில் கோயம்பேட்டில் முருங்கைக்காய் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். மார்கழி, தையில் அவரையும் மொச்சையும். தெற்கே என்றால் பொங்கலுக்குச் சிறுகிழங்கு, மண்ணோடு வரும், தேய்த்துக் கழுவுவதற்குள் விரலெல்லாம் கறுத்துவிடும். இந்த ஏற்ற இறக்கம் பெட்டியில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அதன் பின்னால் இருப்பது பண்ணை அல்ல, கிடங்கு.

நம்பிக்கை விஷயத்துக்கு வருகிறேன். 'பிஜிஎஸ் இந்தியா' என்று ஒரு முறை இருக்கிறது. ஒரே வட்டாரத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்று தருவார்கள். அதில் 'கிரீன்' முத்திரை இருந்தால் நிலம் ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது, 'ஆர்கானிக்' இருந்தால் மாறி முடித்தது. கடையில் வாங்கும் பொட்டலத்தில் 'ஜைவிக் பாரத்' போன்ற, இயற்கை உணவுக்கான அரசு முத்திரையைத் தேடுங்கள். ஆனால் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு விவசாயி, சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்றால் சான்றிதழ் கட்டாயமில்லை என்று விதியே விலக்குத் தருகிறது. ஆகவே முத்திரை இல்லை என்பதற்காக உங்கள் பண்ணைக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம்.

அவரிடம் பேசுங்கள். கத்தரியில் காய்த்துளைப்பான் வந்தால் என்ன அடிப்பீர்கள் என்று கேளுங்கள். 'எதுவுமே அடிப்பதில்லை' என்று பட்டென்று சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். நிஜமாகச் செய்கிறவர் வேப்பங்கொட்டைக் கரைசலில் ஆரம்பித்து, புழு விழுந்த குருத்தைக் கிள்ளி எரிப்பது, பக்கத்து வயலில் மருந்தடித்தால் காற்றில் வருவதைத் தடுக்க வரப்போரம் என்ன நட்டிருக்கிறார் என்பது வரை பேசிக்கொண்டே போவார். நீங்கள்தான் போனை வைக்க வேண்டியிருக்கும்.

சத்து இரண்டு மடங்கு, நோயெல்லாம் போய்விடும் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பூச்சிமருந்து எச்சம் குறைவு. எனக்கு அது போதும்.

இந்தப் பெட்டி வழக்கத்துக்கு முன்னோடிகளில் ஒன்று 1970களில் ஜப்பானில் பரவிய 'தெய்கெய்'. குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு விவசாயியோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்வார்கள். பேசிவைத்தபடி விளைவித்ததை முழுக்க ஏற்றுக்கொள்வது அதில் ஒரு கொள்கை. நம் ஊரில் செயலியில் வேண்டாத காயை நீக்கிவிடும் வசதி இருக்கிறது. நமக்கு சௌகரியம்தான், ஆனால் அந்தச் சுரைக்காய் நட்டம் பண்ணைக்காரர் தலையில் விழுகிறது.

பிள்ளைகளுக்காகக் கேரட்டையும் பீன்ஸையும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றும் குடி முழுகிப் போகாது. சுரைக்காயைத் துருவி அடை மாவில் கலந்துவிட்டால் கேள்வி வராது. பெட்டி மிஞ்சுகிறதென்றால் எதிர்வீட்டோடு பாதிப் பாதி போட்டுக்கொள்ளுங்கள். தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு அங்கே வரலாமா என்று பண்ணைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் வேண்டாம், வண்டி சேற்றில் மாட்டிக்கொள்ளும்.