ஜூலியா என்ற பெயர்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்களுக்குச் சென்ற மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஜூலியா என்று பெயர் வைக்க நினைத்தோம். என் அம்மம்மாவுக்கும் அதே பெயர்தான். தோட்டத்துக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியார் வைத்தது என்று சொல்வார்கள். இப்போது கணவரின் பெரியப்பா வேண்டாம் என்கிறார். அவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். "நடத்தை சரியில்லை என்று ரோமச் சக்கரவர்த்தி நாடு கடத்திய மகளின் பெயர் அது. தெரிந்துகொண்டே பிள்ளைக்கு வைக்கலாமா?" என்று கேட்கிறார். இணையத்தில் தேடினால் 'இளமையானவள்' என்று ஓரிடத்திலும் 'ஜூலையில் பிறந்தவள்' என்று இன்னோரிடத்திலும் போட்டிருக்கிறார்கள். எது சரி? இந்தப் பெயர் கொண்டவர்கள் வேறு யார் யார்? யூலியா என்று எழுதுவதா, ஜூலியா என்று எழுதுவதா?

ஒரு வாசகி, ஹட்டன்

*

அன்புள்ள வாசகிக்கு,

குழந்தைக்கு என் வாழ்த்துகள்.

பெரியப்பா சொன்னது பொய்யில்லை. அப்படி ஒரு ஜூலியா இருந்தாள், அவளைத் தந்தையே தீவுக்கு அனுப்பினான். ஆனால் தண்டித்தவனின் தரப்பிலிருந்து மட்டும் சொல்லப்பட்ட கதையைத்தான் அவர் நம்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அவளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். அதற்கு முன் பெயரின் பிறப்பு.

ஜூலியா என்பது தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கென்று யோசித்து வைத்த பெயரே அல்ல. அது குலப்பெயர். ரோமில் ஜூலியஸ் குலத்தில் பிறந்த ஆண்கள் எல்லாரும் ஜூலியஸ், பெண்கள் எல்லாரும் ஜூலியா. ஆணுக்கு அதன் முன்னால் காயஸ், லூசியஸ் என்று அவனுக்கே உரிய பெயர் ஒன்று இருக்கும். குடியரசுக் காலத்துப் பெண்களில் பெரும்பாலோருக்கு அதுவும் கிடையாது. வீட்டில் இரண்டு மகள்கள் என்றால் மூத்த ஜூலியா, இளைய ஜூலியா. ஜூலியஸ் சீசரின் அத்தை ஜூலியா, சகோதரிகள் இருவரும் ஜூலியா, மகளும் ஜூலியா. திருமணத்துக்குப் பிறகும் அந்தப் பெயர் மாறாது. கணவன் யாராக இருந்தாலும் அவள் தந்தையின் குலத்துக்காரிதான்.

குலப்பெயரின் வேர் பற்றி அந்தக் குலத்தார் ஒரு கதை வைத்திருந்தார்கள். டிராய் நகரம் எரிந்தபோது தப்பி வந்த ஈனியாஸின் மகன் யூலஸ். அவன் வழிவந்தவர்கள் தாங்கள். ஈனியாஸின் தாய் வீனஸ் தேவி. ஆகவே தாங்கள் தெய்வ வம்சம். கி.மு. 69இல் அத்தை ஜூலியாவின் இறுதிச் சடங்கில், ரோமின் நடுச்சதுக்கத்தில் நின்று சீசர் இதைப் பெருமையோடு சொன்னான். மொழியியலாளர்கள் ஜூபிடர் என்ற தெய்வப் பெயரின் வேரோடு இதை இணைக்கிறார்கள். 'இளமை' என்ற பொருள், கன்னத்தில் அரும்பும் மெல்லிய தாடியைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லை வைத்துப் பின்னால் கட்டியது. ஜூலை மாதக் கதையோ தலைகீழ். கி.மு. 44இல் சீசரைப் பெருமைப்படுத்த, குவின்டிலிஸ் என்றிருந்த மாதத்துக்கு அவன் குலப்பெயரைச் சூட்டினார்கள். பெயரிலிருந்து மாதம் வந்தது, மாதத்திலிருந்து பெயர் வரவில்லை.

ஒரு குலத்தின் முத்திரையாகப் பெண்கள் மீது குத்தப்பட்ட இந்தப் பெயரை அவர்கள் ஒவ்வொருவராகத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அதுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது.

சீசரின் தளபதி மார்க் ஆண்டனியின் தாயும் ஒரு ஜூலியா. கி.மு. 43இல் ஆண்டனியும் கூட்டாளிகளும் கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியல் போட்டபோது அதில் அவளுடைய சொந்தச் சகோதரன் லூசியஸ் சீசரும் இருந்தான். அவன் சகோதரி வீட்டுக்கு ஓடிவந்தான். கொலையாளிகள் அறைக்குள் நுழையப் பார்த்தபோது ஜூலியா வாசலில் கைகளை விரித்து நின்றாள். உங்கள் தளபதியைப் பெற்ற என்னைக் கொல்லாமல் இவனைக் கொல்ல முடியாது என்றாள். சகோதரன் பிழைத்தான். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவைத்த இந்தக் காட்சி, ரோம வரலாற்றின் பல போர்க்களங்களைவிட எனக்குப் பெரியது.

இனி, பெரியப்பா சொன்ன ஜூலியா. ஜூலியஸ் சீசர் தத்தெடுத்து, சீசர் என்ற பெயரையும் பெற்ற அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் ஒரே பிள்ளை, கி.மு. 39இல் பிறந்தவள். அவள் பிறந்த அன்றே அகஸ்டஸ் அவள் தாய் ஸ்கிரிபோனியாவை விவாகரத்து செய்தான், லிவியாவை மணப்பதற்காக. அதன் பிறகு மகளின் உடல் அரசாங்கச் சொத்தாயிற்று. பதினான்கு வயதில் அத்தை மகன் மார்செல்லஸுக்கு மணமுடித்தார்கள். அவன் இரண்டே ஆண்டுகளில் இறந்தான். அடுத்து அக்ரிப்பா, தந்தையின் தளபதி, ஏறக்குறைய தந்தையின் வயது. அவனுக்கு ஐந்து பிள்ளைகள் பெற்றாள். கடைசிப் பிள்ளை பிறக்கும்போது அக்ரிப்பா உயிரோடு இல்லை. உடனே மூன்றாவதாக, லிவியாவின் மகன் திபேரியஸ். அவனோ தன் மனைவி விப்சானியாவை நேசித்தவன். அவளை விலக்கிவிட்டு இவளை மணக்கும்படி கட்டளை. ஒருவரையும் கேட்காமல் கட்டிவைத்த அந்த மூன்று திருமணங்களின் நோக்கம் ஒன்றுதான், ஆட்சிக்கு வாரிசு.

கி.மு. 2இல், முப்பத்தேழு வயதை ஒட்டி, அவள் மீது பிறன்மனைத் தொடர்புக் குற்றம் சாட்டப்பட்டது. தந்தை நேரில் வரவில்லை. குற்றச்சாட்டைக் கடிதமாக எழுதி செனட்டில் வாசிக்கச் செய்தான். கி.மு. 18இல் அவனே கொண்டுவந்த பிறன்மனைச் சட்டத்துக்கு, கொண்டுவந்தவனின் குலப்பெயரால், ஜூலியா சட்டம் என்றுதான் பெயர். ஜூலியா சட்டம் ஜூலியாவின் மீது பாய்ந்தது. அதே அகஸ்டஸுக்குப் பிறர் மனைவியரோடு இருந்த தொடர்புகளை அவன் நண்பர்களே மறுக்கவில்லை, அரசியலுக்காகச் செய்தான் என்று சமாதானம்தான் சொன்னார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். பெரியப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

அவளை அனுப்பிய இடம் பண்டதேரியா. இன்று வென்டோடெனே என்று அழைக்கப்படும், இத்தாலியின் மேற்குக் கடலில் உள்ள சின்னஞ்சிறு தீவு. மது கூடாது. அனுமதியில்லாமல் எந்த ஆணும் அவளைப் பார்க்கக் கூடாது. அனுமதி கேட்பவனின் வயது, உயரம், நிறம், உடலில் உள்ள தழும்புகள் வரை அகஸ்டஸுக்குத் தெரிவிக்க வேண்டும். தான் விலக்கப்பட்ட நாளில் பிறந்த மகளோடு, தானாக முன்வந்து, அந்தத் தீவுக்குப் போனவள் தாய் ஸ்கிரிபோனியா. இதை யாரும் பாடப்புத்தகத்தில் போடுவதில்லை.

ரோமின் மக்கள் அவளைக் கைவிடவில்லை. திருப்பி அழைக்கும்படி மீண்டும் மீண்டும் கேட்டார்கள். நெருப்பும் நீரும் கலந்தாலும் அவள் திரும்ப மாட்டாள் என்றான் அகஸ்டஸ். மக்கள் தீப்பந்தங்களைக் கொண்டுபோய் டைபர் நதியில் எறிந்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு தீவிலிருந்து பெருநிலத்தின் தென்முனையில் உள்ள ரேகியம் நகருக்கு மாற்றினார்கள், அவ்வளவே. கி.பி. 14இல் தந்தை இறந்து திபேரியஸ் ஆட்சிக்கு வந்ததும் அவளுக்கு வந்துகொண்டிருந்த பணத்தை நிறுத்தினான். அந்த ஆண்டு முடிவதற்குள் பட்டினியில் நலிந்து இறந்தாள். அவள் அஸ்தியைக் குடும்பக் கல்லறையில் வைக்கக் கூடாது என்று தந்தை முன்பே எழுதிவைத்திருந்தான். அதே உயிலில் அவன் லிவியாவைத் தன் குலத்துக்குத் தத்தெடுத்தான். அன்று முதல் அவள் ஜூலியா அகஸ்டா. பெற்ற மகளுக்கு அந்தப் பெயரால் ஒரு பிடி மண்கூடக் கிடைக்காத ஆண்டில், அவள் தாயின் இடத்துக்கு வந்தவளுக்கு அந்தப் பெயர் விருதாகக் கிடைத்தது.

அவள் எப்படிப்பட்டவள்? நானூறு ஆண்டுகள் கழித்து எழுதிய மக்ரோபியஸ், அவளைப் பற்றிய பழைய செய்திகளைத் தொகுத்துத் தருகிறார். இலக்கியத்தின் மீது ஆசை, நிறையப் படிப்பு, கனிவு, யாருக்கும் கொடுமை நினைக்காத மனம். தந்தையின் எளிமையைப் பார்த்து நடக்கக் கூடாதா என்று ஒருவர் கேட்டபோது, தான் சீசர் என்பதை அவர் மறந்துவிடுகிறார், நான் சீசரின் மகள் என்பதை மறக்கவில்லை என்றாளாம். இந்த அறிவும் இந்த நாக்கும் கொண்டவளுடைய பெயர் கெட்ட பெயரென்றால், எந்தப் பெயர் நல்ல பெயர்?

அதற்குப் பின் இந்தப் பெயர் ரோம அரண்மனையை விட்டு வெளியே நடந்தது. சீசரும் அவன் வாரிசுகளும் யாருக்கெல்லாம் குடியுரிமை கொடுத்தார்களோ, அவர்கள் எல்லாரும் ஜூலியஸ் ஆனார்கள், அவர்கள் மகள்கள் ஜூலியா ஆனார்கள். அந்த வீட்டில் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் அதே பெயர்தான். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் பிலொலோகுவோடு சேர்த்து வாழ்த்துச் சொல்லும் ஜூலியா அப்படிப்பட்ட ஒருத்தியாக இருந்திருக்கலாம்.

எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோம நகரமான பொம்பெயியில் ஒரு ஜூலியா பெலிக்ஸ் இருந்தாள். பெரிய வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட அவள் சுவரில் எழுதச் செய்த அறிவிப்பு கிடைத்திருக்கிறது. நேர்த்தியான குளியலகம், கடைகள், மாடி அறைகள். வரும் ஆகஸ்ட் 13 முதல் ஐந்தாண்டுக் குத்தகை. கணவன் பெயரோ காப்பாளன் பெயரோ அதில் இல்லை. கி.பி. 130இல் ஹாட்ரியன் சக்கரவர்த்தி எகிப்துக்குப் போனபோது உடன் சென்ற ஜூலியா பால்பில்லா, விடியலில் ஒலி எழுப்பும் மெம்னோன் சிலையின் காலில் கிரேக்கக் கவிதைகள் நான்கைப் பொறிக்கச் செய்தாள். அவள் காலத்துக்கு ஏழு நூற்றாண்டுக்கு முந்திய கவி சாஃபோவின் வட்டார வழக்கில் எழுதியவை அவை. இன்றும் அங்கே வாசிக்கலாம். சிரியாவின் எமேசாவில், இன்றைய ஹோம்ஸில், பூசாரிக் குடும்பத்தில் பிறந்த ஜூலியா டோம்னா ரோமின் பேரரசியானாள். 211இல் மூத்த மகன் கரகல்லாவின் ஆட்கள் இளைய மகன் கேட்டாவை அவள் மடியிலேயே வெட்டிக் கொன்றார்கள். அழக்கூட அவளுக்கு அனுமதியில்லை.

கிறிஸ்தவ உலகில் பெயர் நிலைத்ததற்கு கோர்சிகா தீவின் பாதுகாவலியான புனித ஜூலியாவும் ஒரு காரணம். கார்த்தேஜில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட பெண் என்பது அவள் வரலாறு. திருநாள் மே 22. உங்கள் அம்மம்மாவுக்குச் சுவாமியார் பெயர் வைத்தபோது அவர் மனத்தில் இருந்தது இவளாக இருக்கலாம்.

நீங்கள் ஹட்டனில் இருப்பதால் இன்னொரு ஜூலியாவைச் சொல்லாமல் விட முடியாது. பொகவந்தலாவையில் உள்ள புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில், ஜூலியா என்றே பெயர் கொண்ட மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவை வைத்துக்கொண்டு, மனித முகத்தை எப்படிப் படமெடுப்பது என்பதையே மாற்றினார். கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், நாம் பாடத்தில் படித்த கோல்புறூக்–கேமரன் ஆணைக்குழுவின் கேமரன். மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்தவர். 1875இல் இருவரும் இலங்கைக்கு வந்தார்கள். 1879 ஜனவரியில் ஜூலியா இங்கேயே இறந்தார்.

இங்கிலாந்தில் அவர் திரும்பத் திரும்பப் படமெடுத்த முகங்களில் ஒன்று சகோதரி மகள் ஜூலியா ஜாக்சனுடையது. கல்கத்தாவில் பிறந்தவர், எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் தாய். அந்தப் படங்களின் கீழே 'என் சகோதரி மகள் ஜூலியா' என்று பெயர் இருக்கிறது. இலங்கையில் எடுத்து இன்று எஞ்சியிருக்கும் படங்கள் முப்பதுக்கும் குறைவு. உழைக்கும் மக்கள், இளம்பெண்கள், கழுத்திலும் கையிலும் நகைகள், நேராகப் பார்க்கும் கண்கள். 1878இல் எடுத்த ஒன்றுக்கு 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பதற்கு மேல் தலைப்பில்லை. அவர் கலையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் அந்தப் பெண்களின் பெயரை அவர் கேட்டு எழுதிவைக்கவில்லை என்பது ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் என்னை உறுத்துகிறது. கேமரா பிடித்தவருக்கும் அதைப் பரிசளித்த மகளுக்கும் சகோதரி மகளுக்கும் இருந்த அந்தப் பெயர், பிறகு அதே மலைநாட்டில் ஒரு தோட்டத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்தது, உங்கள் அம்மம்மாவுக்கு. பெரியப்பாவிடம் வாதாடும்போது ரோமுக்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் மகள் கணக்கில் நாட்டம் உள்ளவளாக வளர்ந்தால் அவளுக்கு ஜூலியா ராபின்சனைப் பற்றியும் சொல்லலாம். ஜெர்மன் கணித மேதை ஹில்பர்ட் 1900இல் முன்வைத்த பத்தாவது கேள்விக்கு, அதாவது ஒரு சமன்பாட்டுக்கு முழு எண்களில் தீர்வு உண்டா என்று கண்டறியப் பொது வழி உண்டா என்ற கேள்விக்கு, பல ஆண்டுகள் உழைத்து வழி திறந்தவர் அவர். 1970இல் லெனின்கிராடில் இருபத்திரண்டு வயது இளைஞர் மத்தியசேவிச் கடைசிப் படியைத் தாண்டினார். பொறாமையின் சாயல்கூட இல்லாமல் மகிழ்ந்த ராபின்சன், பிறகு அவரோடு சேர்ந்தே ஆய்வுகள் செய்தார். 1983இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானவரும் அவரே.

எழுத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலத்தீன் உச்சரிப்பு யூலியா என்பதற்கே அருகில் இருக்கும். ஜெர்மானியரும் ரஷ்யரும் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் அம்மம்மாவின் ஞானஸ்நானப் பதிவில் எப்படி எழுதியிருக்கிறது என்று கோயிலில் கேட்டுப் பாருங்கள். அங்கே உள்ள எழுத்தையே பிறப்புச் சான்றிதழிலும் கொடுங்கள். பதிவு கிடைக்காவிட்டால் ஜூலியா என்றே எழுதலாம். வீட்டில் அழைப்பதும் அப்படித்தானே.

அன்புடன்.