எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6: எனக்குப் பெரிய மேப் வேண்டாம், வழியில் மாட்டிக்கொள்ள வேண்டும்

கேள்வி: எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 இன்னும் வரவே இல்லை, அதற்குள் ஏன் இவ்வளவு எதிர்பார்ப்பு? உங்களுக்கு அதில் என்ன இருக்க வேண்டும்? அதுவரை எதை விளையாடலாம்?

எதிர்பார்ப்பு இவ்வளவு ஏறியதற்கு நாள் கணக்கும் ஒரு காரணம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெதஸ்டா நிறுவனத்தின் எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கற்பனை உலக வீடியோ கேம் தொடரில் ஐந்தாம் பாகமான ஸ்கைரிம் வந்தது 2011 நவம்பர் 11. அடுத்த பாகத்தின் அறிவிப்பை 2018 ஜூனில் ஈ3 என்ற கேம் கண்காட்சி மேடையில் பெதஸ்டாவின் கேம் இயக்குநர் டாட் ஹோவர்ட் காட்டினார். அரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான முன்னோட்டம். மலைகள், ஒரு கடலோரம், மேலே பறந்து போகும் கேமரா, நமக்குப் பழகிய அந்த தீம் இசை, கடைசியில் தலைப்பு. ஓர் ஆள் முகம் கிடையாது, கதை கிடையாது, தேதியும் கிடையாது. அதை வைத்துக்கொண்டு பாறையின் நிறம் வரை அலசி, எந்த மாகாணம் என்று ரசிகர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். நடுவில் 2023 செப்டம்பரில் அதே நிறுவனத்தின் விண்வெளி ஆட்டமான ஸ்டார்ஃபீல்டு வந்தது. 2024 மார்ச்சில் தொடரின் 30ஆம் ஆண்டை ஒட்டி, ஆறாம் பாகத்தின் ஆரம்ப கட்டப் பதிப்புகளை உள்ளுக்குள் விளையாடிப் பார்த்து வருவதாக பெதஸ்டா சொன்னது. இதை எழுதும் வரை வெளியீட்டுத் தேதி என்று ஒன்றும் இல்லை.

சரி, எனக்கு என்ன வேண்டும்? ஓர் ஊருக்கு என்று கிளம்ப வேண்டும். போகிற வழியில் வேறு ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு, கிளம்பிய காரியமே மறந்து போக வேண்டும். இந்தத் தொடரின் உயிர் அதில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

ஒரு உதாரணம். ஸ்கைரிமின் வடக்குக் கடற்கரையில், டான்ஸ்டாருக்கும் வின்டர்ஹோல்டுக்கும் நடுவே, ஃப்ராஸ்ட்ஃப்ளோ என்று ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. டிராகன் கதைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பனியில் நடந்து போகும்போது தூரத்தில் கட்டடம் தெரிகிறதே என்று பக்கத்தில் போனால், வாசலில் ஒரு குதிரை செத்துக் கிடக்கும். உள்ளே ஒரு பெண்ணின் உடல். அங்கங்கே டைரிகள். ஒவ்வொன்றாகப் படித்தால் ரெட்கார்டு என்ற, ஹேமர்ஃபெல் மாகாணத்து இனத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் கதை புரிய வரும்: அப்பா ஹப்த், அம்மா ராமதி, இரண்டு பிள்ளைகள். கடலை விட்டுப் பிரிய மனமில்லாத அந்த மனிதருக்காகக் குடும்பமே இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நிலவறையில் சத்தம் கேட்கிறது என்று ஒரு டைரியில் வரும்போதே நமக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். நிலவறைக்குக் கீழே பனிக்குகை, அதற்குள் ஃபால்மர் என்ற குருட்டுக் கொடும் உயிர்களின் கூட்டம். கடைசியில் ஹப்த் எழுதி வைத்த கடிதம் கிடைக்கும். தான் செத்தால் கலங்கரை விளக்கின் உச்சியில் எரியும் நெருப்பில் தன்னைச் சேர்த்துவிடும்படி கேட்டிருப்பார்.

அவருடைய மிச்சம் உங்கள் பையில் வந்து சேரும். அதை என்ன செய்வது என்று எந்த அம்புக்குறியும் காட்டாது. கடிதத்தைப் படித்தவர், படியேறிப் போய் அந்த நெருப்பில் போடலாம். போட்டால், காயம் ஆற்றும் மந்திரங்கள் 10 சதவீதம் கூடுதலாகப் பலிக்கும் வரம் ஒன்று கிடைக்கும். படிக்காமல் கொள்ளையடித்துவிட்டுப் போனவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்த 10 சதவீதத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்தக் குடும்பத்தை யோசித்து, டைரிகளை எழுதி, எந்த அறையில் எது கிடக்க வேண்டும் என்று கையால் வைத்திருக்கிறார். நான் அங்கே போகாமலே முழு ஆட்டத்தையும் முடித்திருக்கலாம். அது தெரிந்தும் அவர் வைத்தார். எனக்கு அந்த அக்கறை மேல் இன்றுவரை பெரிய மரியாதை இருக்கிறது.

ஸ்டார்ஃபீல்டில் நான் ஏங்கிப்போனது இதற்குத்தான். 1,000-க்கும் மேற்பட்ட கிரகங்கள். கப்பல் கட்டுவது அருமை, சில கோஷ்டிக் கதைகள் நன்றாகவே இருந்தன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது என்றால் மெனுவைத் திறப்பது, லோடிங் திரையைப் பார்ப்பது, இறங்குவது என்று ஆகிவிட்டது. நடுவில் வழி என்று ஒன்றே இல்லை. வழி இல்லாவிட்டால் வழியில் மாட்டிக்கொள்வது எப்படி? இறங்கிய இடத்தில் இருக்கும் ஆய்வுக்கூடமோ, ஏற்கெனவே வேறு கிரகத்தில் பார்த்த அதே ஆய்வுக்கூடம். அதே அறை, அதே மேசை, அதே பிணம், அதே குறிப்பு. ஒரு குடும்பத்தின் சோகத்தை இரண்டாவது கிரகத்திலும் அப்படியே வைத்தால் அது சோகமாக எப்படி இருக்கும்?

இதில் வேடிக்கை இல்லை, வரலாறு இருக்கிறது. இந்தத் தொடரே ஒருமுறை அளவின் உச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததுதான். 1996-இல் வந்த இரண்டாம் பாகமான டேகர்ஃபால், பிரிட்டன் தீவு அளவுக்கு நிலப்பரப்பு, ஆயிரக்கணக்கான ஊர்கள் என்று பேசப்பட்டது. பெரும்பகுதியைக் கணினியே உருவாக்கியது. அதற்கு அடுத்து 2002-இல் மாரோவிண்ட் செய்தபோது, வார்டன்ஃபெல் என்ற ஒரே தீவாகச் சுருக்கி, கையால் அடுக்கினார்கள். இன்றைக்கும் பலர் இந்தத் தொடரில் சிறந்தது என்று சொல்வது அந்தச் சின்னத் தீவைத்தான். அதனால் ஆறாம் பாகத்தின் மேப் ஸ்கைரிமைவிட எத்தனை மடங்கு பெரிது என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்குச் சந்தோஷம் வராது, பயம்தான் வரும்.

மாரோவிண்ட் பேச்சு வந்ததால் குவெஸ்ட் மார்க்கர், அதாவது அடுத்த பணிக்குப் போக வேண்டிய இடத்தைக் காட்டும் குறி பற்றியும் சொல்கிறேன். அதில் மார்க்கரே கிடையாது. ஆற்றைத் தாண்டு, பாலம் வந்ததும் வடக்கே திரும்பு, பாறை பிளந்த இடத்தில் கதவு இருக்கும் என்ற மாதிரி வழி சொல்வார்கள். அது ஜர்னலில் பதியும். நீங்கள்தான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். 2006-இல் அடுத்த பாகமான ஒப்ளிவியனில் திசைகாட்டியில் மார்க்கர் வந்தது, ஸ்கைரிமில் அது நிலைத்துவிட்டது. மார்க்கர் இருப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை, வேலை முடிந்து கொஞ்ச நேரம் மட்டும் விளையாடுகிறவருக்கு அது தேவை. என் குறை வேறு. ஸ்கைரிமில் மார்க்கரை அணைத்துவிட்டால் பல குவெஸ்ட்டுகளைச் செய்யவே வழியில்லை, ஏனென்றால் பேசும் ஆள் இடம் எங்கே இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்வதே இல்லை. வசனத்தில் வழியைச் சொல்லிவிட்டு, மார்க்கர் வேண்டுமா வேண்டாமா என்பதை நம்மிடம் விட்டால் போதும். 2022-இல் எல்டன் ரிங் என்ற வேறொரு நிறுவனத்தின் ஆட்டம் வந்து, கையைப் பிடித்துக் கூட்டிப் போகாமலே கோடிக்கணக்கான பேரைக் கட்டிப்போட்டதே. மக்கள் தேட மாட்டார்கள் என்ற வாதம் அதோடு முடிந்துபோனது.

அப்புறம் பறக்கும் மந்திரம். இது எனக்கு மிகவும் பிரியமான விஷயம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மாரோவிண்டில் லெவிடேஷன் மந்திரம் உண்டு. டெல்வானி குலத்து மந்திரவாதிகள் பெரிய காளான் கோபுரங்களில் வசிப்பார்கள், மேல் அறைக்குப் போகப் படிக்கட்டே இருக்காது. பறக்கத் தெரிந்தால் மேலே வா, தெரியாவிட்டால் உன்னோடு எனக்குப் பேச்சில்லை என்பது அவர்கள் கணக்கு. ஒரு குலத்தின் திமிரை ஒரு வரி வசனம் இல்லாமல் கட்டடமே சொல்லிவிடுகிறது! ஒப்ளிவியனில் நகரங்களைத் தனித் தனிப் பகுதிகளாகப் பிரித்து, வாசல் கதவில் லோடிங் வைத்தார்கள். பறந்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் வெறும் பொம்மை நகரம் தெரிந்துவிடும் என்பதால் அந்த மந்திரத்தையே எடுத்துவிட்டார்கள். ஸ்கைரிமிலும் வொயிட்ரன் வாசலில் அதே லோடிங். இன்றைய கன்சோல்களில் வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் இருக்கிறது. மதிலைத் திறந்துவிடுங்கள், பறக்கும் மந்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள். கையோடு, ஒப்ளிவியன் வரை இருந்து ஸ்கைரிமில் காணாமல் போன மந்திரம் உருவாக்கும் வசதியையும்.

ஆட்டத்தை ஓட்டும் அடிப்படை மென்பொருளான என்ஜினை மாற்றிவிட்டு, பல நிறுவனங்கள் பயன்படுத்தும் அன்ரியலுக்குப் போகட்டும் என்று பலர் எழுதுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஸ்கைரிமில் ஒரு கரண்டியை எடுத்து உங்கள் சொந்த வீட்டு மேசையில் வைத்தால், மாதக்கணக்கில் ஊர் சுற்றிவிட்டு வந்தாலும் அது அங்கேயே இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் இடமும் நிலையும் நினைவில் நிற்கிறது. ஊர் ஆட்களுக்கு வேலை நேரம், சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம் உண்டு. வொயிட்ரனில் அட்ரியான் பகலில் உலைக்களத்தில் நிற்பார், இரவில் நிற்க மாட்டார். இந்தக் கணக்கெல்லாம் அவர்கள் பல வருடங்களாகச் செதுக்கிய என்ஜினில் ஊறியவை. 2025 ஏப்ரலில் வந்த ஒப்ளிவியன் ரீமாஸ்டரிலேயே பாருங்கள்: காட்சிக்கு அன்ரியல் 5, அடியில் ஓடியது பழைய ஒப்ளிவியனின் கணக்குதான். ஆட்டத்தில் சொந்தமாக மாற்றங்கள் (மாட்) செய்கிறவர்களின் உலகமும் இதே என்ஜினையும் அதன் கருவிகளையும் நம்பி வளர்ந்தது. ஆனால் முகங்களும் உடல் அசைவும் இந்தத் தடவை திருந்தியே ஆக வேண்டும், அதில் சமாதானம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கதை எங்கே நடக்கும் என்று அதிகாரபூர்வமாகச் சொல்லவில்லை. ஹேமர்ஃபெல், அல்லது அதற்கு வடக்கே உள்ள ஹை ராக் என்பது ரசிகர்களின் ஊகம். என் ஆசை ஹேமர்ஃபெல். வெறும் பாலைவனக் காட்சிக்காக இல்லை, அந்த மண்ணின் அரசியலுக்காக. பெரும் போரின் முடிவில் மாகாணங்களை ஆண்ட பேரரசு, எல்ஃப் இன ஆட்சியாளர்களான தால்மோரோடு உடன்படிக்கை செய்து, ஹேமர்ஃபெல்லின் தென்பகுதியை விட்டுக்கொடுத்தது. ரெட்கார்டுகள் முடியாது என்றார்கள். பேரரசு அவர்களைக் கைகழுவியது. தனியாக நின்று போரிட்டு, எதிரியைப் பின்வாங்க வைத்தார்கள். ஸ்கைரிம் கதை நடக்கும்போது இதெல்லாம் நடந்து இருபது வருடம்தான் ஆகிறது. அந்தத் தலைமுறை உயிரோடு இருக்கும் மண்ணில் தால்மோர் திரும்பி வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதோடு அங்கே எனக்கு ஒரு பாக்கி இருக்கிறது. ஸ்கைரிம் விளையாடியவர்களுக்கு வொயிட்ரன் சத்திரத்தில் வேலை செய்யும் சாடியாவைத் தெரியும். தால்மோருக்கு எதிராகப் பேசியதால் தன்னைக் கொல்லத் துரத்துகிறார்கள் என்று அவள் சொல்வாள். துரத்தி வந்த கெமாட்டு, இவள்தான் டானெத் நகரத்தை எதிரிக்குக் காட்டிக் கொடுத்தவள் என்பான். இரண்டு பேர் கதையிலும் ஓட்டை இருக்கிறது, இரண்டு பேர் கதையும் நம்பும்படியும் இருக்கிறது. யார் பக்கம் நின்றாலும் அதே தங்கம்தான் கூலி. உண்மை எது என்று ஆட்டம் கடைசிவரை சொல்லவே சொல்லாது. ஒவ்வொரு தடவையும் நான் தயங்கித்தான் முடிவெடுப்பேன். டானெத் ஹேமர்ஃபெல்லில்தான் இருக்கிறது. அங்கே போய் நகரம் விழுந்த கதையை அந்த ஊர்க்காரர்கள் வாயால் கேட்க வேண்டும். ஒரே பதிலாகச் சொல்ல வேண்டாம். ஆளுக்கு ஒன்றாகச் சொல்லட்டும்.

ஸ்கைரிம் உள்நாட்டுப் போரில் யார் ஜெயிப்பது என்பது விளையாடுகிறவர் கையில் இருந்தது, அதை அடுத்த பாகத்தில் எப்படிச் சமாளிப்பார்கள் என்ற கேள்வியும் உண்டு. டேகர்ஃபாலுக்குப் பல முடிவுகள் இருந்தன. அடுத்த பாகங்களில், காலமே முறிந்து எல்லா முடிவுகளும் ஒரே நேரத்தில் நடந்தன என்று எழுதிவிட்டார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும், ஆனால் ஒருமுறைதான் செல்லும். இந்தத் தடவை ஒரு முடிவை எடுத்துச் சொல்லிவிடலாம். என் தேர்வுக்கு எதிராக இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன்.

அதுவரை என்ன விளையாடலாம் என்றால், முதலில் மாரோவிண்ட். ஓபன்எம்டபிள்யூ என்ற திறந்த மூல என்ஜினில் ஓட்டினால் இன்றைய கணினியில் சிக்கல் இல்லாமல் ஓடும், அசல் ஆட்டத்தை மட்டும் வாங்கியிருக்க வேண்டும். முதல் சில மணி நேரம் வாள் வீச்செல்லாம் தவறும். குறி படுகிறதா என்பதைத் திறன் எண் தீர்மானிக்கிறது, களைப்பாக இருந்தால் இன்னும் மோசம். ஓடாமல் நடந்து போய்ச் சண்டை போடுங்கள், சரியாகிவிடும். டேகர்ஃபாலை 2009-இலேயே இலவசமாக்கிவிட்டார்கள், ரசிகர்கள் புதிதாகச் செய்த டேகர்ஃபால் யூனிட்டி வழியாக விளையாடலாம், ஆனால் ஆர்வம் இருந்தால் மட்டும். ஸ்கைரிம் ஏற்கெனவே கையில் இருந்தால் எண்டெரலைத் தவறவிடாதீர்கள். ஸ்யூர்ஏஐ என்ற ஜெர்மானியக் குழு ஸ்கைரிமின் மேல் கட்டிய தனி உலகம், தனிக் கதை, காசும் கேட்பதில்லை. அதில் மேப்பில் ஓர் இடத்தைத் தட்டி விரைவுப் பயணம் போக முடியாது, பெரும்பாலும் நடந்துதான் போக வேண்டும். வார இறுதி முழுக்கக் கையில் இருக்கும்போது ஆரம்பியுங்கள்.