நாளை செல்ட்னம் கோல்ட் கப்: கோட்டோ ஸ்டாரா, டென்மனா?

நாளை வெள்ளிக்கிழமை, 2008 மார்ச் 14. இங்கிலாந்தில் வேலி தாண்டும் குதிரைகளின் பெரிய பந்தயமான செல்ட்னம் கோல்ட் கப். போன வருடம் இதே கோப்பையைத் தூக்கிய கோட்டோ ஸ்டாரும், பெரிய வேலிகள் தாண்டும் பந்தயத்தில் இறங்கியதிலிருந்து ஒன்றில்கூடத் தோற்காத டென்மனும் முதல் தடவையாக நேருக்கு நேர் ஓடுகின்றன. இரண்டுக்கும் வயது எட்டு. இரண்டுக்கும் ஒரே ட்ரெய்னர், சாமர்செட்டில் டிட்சீட் கிராமத்து பால் நிக்கல்ஸ். அவர் லாயத்தில் பக்கத்துப் பக்கத்துக் கொட்டடியில் நிற்கிற குதிரைகள் இவை. நான் லண்டனுக்கு வந்த நாளிலிருந்து இந்தக் குளிர்காலப் பந்தயங்களைப் பார்க்கிறவன், பணம் விட்டதும் உண்டு எடுத்ததும் உண்டு. வாரம் முழுக்கக் கேள்விகள் குவிந்துவிட்டன, முடிந்தவரை சொல்கிறேன்.

அண்ணா, கிண்டி ரேஸ் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். வேலி தாண்டுகிற ரேஸில் அப்படி என்ன வித்தியாசம்?

தம்பி, கிண்டியில் ஒன்றரை நிமிடத்தில் கதை முடிந்துவிடும். இது மூன்று மைல் இரண்டரை ஃபர்லாங், கிட்டத்தட்ட ஐந்தேகால் கிலோமீட்டர், நடுவில் 22 வேலிகள், ஒவ்வொன்றும் குறைந்தது நாலரை அடி உயரம், ஓடி முடிக்க ஏழு நிமிடம் நெருங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எடை, 11 ஸ்டோன் 10 பவுண்ட், நம் கணக்கில் 74 கிலோ சொச்சம் (பெண் குதிரைக்குச் சலுகை உண்டு). நல்ல குதிரை முதுகில் கூடுதல் ஈயத்தை ஏற்றிச் சமன் செய்கிற ஹேண்டிகேப் வேலை இங்கே கிடையாது, அதனால்தான் இதைச் சாம்பியன்ஷிப் என்கிறார்கள்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. தட்டைப் பந்தயத்தில் நல்ல குதிரை மூன்று நாலு வயதிலேயே இனப்பெருக்கத்துக்குப் போய்விடும், பணம் அங்கேதான். இங்கே ஓடுகிறவை பெரும்பாலும் காயடித்த குதிரைகள். பண்ணைக்கு அனுப்பிச் சம்பாதிக்க வழியில்லை, அதனால் வருடா வருடம் அதே குதிரை திரும்ப வரும். ஜனங்கள் அதோடு சேர்ந்து வயதாகிறார்கள். கோட்டோ ஸ்டார் கட்சி, டென்மன் கட்சி என்று பப்பில் சத்தம் போடுவது இதனால்தான்.

நேரடியாகச் சொல்லுங்கள், எது பெரிய குதிரை?

எது பெரிய குதிரை என்பது ஒரு கேள்வி, நாளை எது ஜெயிக்கும் என்பது வேறு கேள்வி, எதன் மேல் பணம் கட்டலாம் என்பது மூன்றாவது கேள்வி. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இத்தனை சண்டை.

முதலாவதற்குக் கோட்டோ ஸ்டார் என்பேன், தயக்கமே இல்லை. போன சீசனில் இரண்டு மைல் டிங்கிள் க்ரீக்கையும் ஜெயித்தது, மூன்று மைலுக்கு மேல் போகிற கோல்ட் கப்பையும் ஜெயித்தது. நூறு மீட்டர்காரன் ஒருவன் ஐயாயிரத்திலும் தங்கம் வாங்கினால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி. பெட்ஃபேர் சேஸ், கிங் ஜார்ஜ், கோல்ட் கப் மூன்றையும் ஒரே சீசனில் எடுத்து பத்து லட்சம் பவுண்ட் போனஸும் வாங்கிக் கொடுத்தது. போன டிசம்பரில் கெம்ப்டனில் மறுபடி கிங் ஜார்ஜ், பதினோரு லெங்த் (ஒரு லெங்த் என்றால் ஒரு குதிரையின் நீளம்) வித்தியாசத்தில்.

டென்மன் அந்த ஜாதி இல்லை. அதற்குக் கூட்டம் வைத்த பெயரே 'டாங்கி'. டிசம்பர் முதல் தேதி நியூபரியில் ஹென்னெஸ்ஸி ஓடியது. அது ஹேண்டிகேப் பந்தயம், டென்மன் முதுகில் 11 ஸ்டோன் 12, மற்ற குதிரைகளுக்கெல்லாம் எடையை விட்டுக்கொடுத்தது. அன்று நான் போயிருந்தேன். கடைசித் திருப்பத்தில் மற்ற ஜாக்கிகளின் கைகள் எல்லாம் வேலை செய்துகொண்டிருந்தன, தள்ளுகிறார்கள், சாட்டை எடுக்கிறார்கள், டென்மன் மேல் இருந்த சாம் தாமஸ் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதிலும் பதினோரு லெங்த்தான், ஆனால் பின்னால் வந்தவை மூச்சு வாங்கி வந்ததைப் பார்த்தால் எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை. ஓடி ஜெயிக்கிற குதிரை இல்லை அது, அடுத்ததை ஓட ஓட உருக்குலைக்கிற குதிரை.

அதனால் நாளைய கேள்வி வேகம் பற்றியது இல்லை. கோட்டோ ஸ்டாருக்கு வேகம் இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். மூன்று மைல் டென்மன் வைக்கிற தாளத்துக்கு ஓடிய பிறகு அந்த வேகத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? அவ்வளவுதான்.

ஜாக்கி ரூபி வால்ஷுக்கு இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுக்கும் உரிமை இருந்ததாமே. அவரே கோட்டோ ஸ்டாரை எடுத்திருக்கும்போது நாம் என்ன பேசுவது?

நியாயம்தான். ஆனால் ஒன்று. போன வருடம் கோல்ட் கப் ஜெயித்துக் கொடுத்த குதிரையை விட்டு இறங்கி, அது மறுபடி ஜெயித்துவிட்டால் அந்த ஜாக்கி ஊரில் தலை காட்ட முடியுமா? டென்மனை விட்டுவிட்டு டென்மன் ஜெயித்தால் 'பாவம், கஷ்டமான முடிவு' என்பார்கள். இரண்டு தவறுக்கும் ஒரே விலை இல்லை. அவர் மனதுக்குள் என்ன இருந்தது என்று நான் சொல்லவில்லை, அவர் தேர்வை மட்டும் வைத்து வீட்டை அடகு வைக்காதீர்கள் என்கிறேன்.

சாம் தாமஸைச் சின்னப் பையன் என்று நினைத்துவிடவும் வேண்டாம். நவம்பரில் ரூபி தோளில் அடிபட்டு உட்கார்ந்திருந்தபோது ஹேடாக்கில் கோட்டோ ஸ்டாரை ஓட்டி ஜெயித்தது இவர்தான், எக்ஸாட்டிக் டான்ஸரை அரை லெங்த்தில். நாளை எதிரில் வருகிற குதிரை எங்கே தடுமாறும் என்று இவருக்கும் தெரியும்.

ஒரே ட்ரெய்னர், இரண்டு குதிரை. செட்டிங் இருக்காதா சார்? சும்மா கேட்கிறேன்.

சும்மா கேட்கவில்லை, நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்! ட்ரெய்னர் ஒன்று, முதலாளிகள் வேறு. கோட்டோ ஸ்டார் கிளைவ் ஸ்மித்துடையது, கோல்ஃப் மைதானம் கட்டிச் சம்பாதித்தவர், 2004-இல் பிரான்சிலிருந்து 4 லட்சம் யூரோ கொடுத்து வாங்கினார். டென்மனுக்கு இரண்டு பேர். ஒருவர் பால் பார்பர், பால் பண்ணைக்காரர், நிக்கல்ஸ் இருக்கிற லாயத்துக்கே சொந்தக்காரர். இன்னொருவர் ஹாரி ஃபின்ட்லே, தொழில்முறைப் பந்தயக்காரர், வாயைத் திறந்தால் மூடமாட்டார். இந்த மூன்று பேரில் யாராவது 'சரி, நாளை நீயே ஜெயித்துக்கொள்' என்று சொல்வதை உங்களால் கற்பனை செய்ய முடிகிறதா? ட்ரெய்னருக்கு எது ஜெயித்தாலும் லாபம்தான், ஆகவே அவருக்குச் செட்டிங் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

அண்ணை, கொழும்பில எங்கட புக்கியில இங்கிலாந்து ரேஸ் எல்லாம் போடலாம். 10/11 எண்டால் என்ன, 9/4 எண்டால் என்ன? எது லாபம்?

இன்று மாலை கோட்டோ ஸ்டார் 10/11-ஐ ஒட்டி நிற்கிறது, டென்மன் 2/1, 9/4 என்று கடைக்குக் கடை மாறுகிறது. 10/11 என்றால் 11 ரூபாய் கட்டினால் 10 ரூபாய் லாபம், கட்டிய 11-ம் திரும்பி வரும். 9/4 என்றால் 4 கட்டினால் 9 லாபம்.

இதைத் திருப்பிப் படியுங்கள். 10/11 கொடுக்கிற புக்கி, கோட்டோ ஸ்டார் ஜெயிக்க நூற்றுக்கு 52 வாய்ப்பு என்கிறார். 9/4-இல் டென்மனுக்கு 31 கூட இல்லை. இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். மற்ற எல்லாக் குதிரைகளுக்கும் சேர்த்து ஒரு 15 ஒதுக்குங்கள், விழுந்து எழும்புகிற விளையாட்டில் அது அதிகமே இல்லை. மிச்சம் 85. இரண்டும் சமம் என்று நினைத்தால் ஆளுக்கு 42 சொச்சம். அப்படியென்றால் 52-க்கு விற்கிற சரக்கை வாங்குவீர்களா, 31-க்கு விற்கிறதை வாங்குவீர்களா? கோட்டோ ஸ்டார்தான் சிறந்தது என்று நம்புகிறவர்கூட, பத்தில் ஐந்துக்கு மேல் ஜெயிக்கும் என்று நம்பினால்தான் அந்த விலைக்குக் கட்ட வேண்டும். பலர் குதிரையைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்ப்பதில்லை. மீன் வாங்கும்போது மட்டும் பேரம் பேசுகிறோம்.

கோட்டோ ஸ்டார் கடைசி வேலியில் இடிக்கும் என்கிறார்களே, அது உண்மையா, எதிர்க்கட்சி கிளப்பிவிட்டதா?

உண்மைதான். போன வருடக் கோல்ட் கப்பிலேயே கடைசி வேலியை நெஞ்சால் இடித்துவிட்டுத்தான் எக்ஸாட்டிக் டான்ஸரை இரண்டரை லெங்த்தில் ஜெயித்தது. அந்த ஒரு நொடியில் இந்த நாட்டில் எத்தனை பேர் கையிலிருந்த பியர் தரையில் கொட்டியதோ. 2006-இல் இதே செல்ட்னத்தில் இரண்டு மைல் சாம்பியன் சேஸில் மூன்றாவது வேலியிலேயே விழுந்தது.

ஆனால் இந்தக் குதிரையைப் புரிந்துகொள்ள எக்ஸிடர் பந்தயத்தைப் பார்க்க வேண்டும், 2005 ஜனவரி. சின்னப் பந்தயம். வெகு முன்னால் வந்துகொண்டிருந்தது, கடைசிக்கு முந்தின வேலியில் விழுந்தது. ரூபி எழுந்து, குதிரையைப் பிடித்து, மேலே ஏறி, அங்கவடியில் கால் நுழைக்கக்கூட நேரமில்லாமல் காலைத் தொங்கவிட்டபடியே கடைசி வேலியையும் தாண்டித் துரத்தினார். தோற்றது எவ்வளவில் தெரியுமா, ஷார்ட் ஹெட், குதிரைத் தலை நீளம்கூட இல்லை. அப்புறம் சோதித்துப் பார்த்தால் எலும்பில் விரிசல். தப்பும் செய்யும், தப்பு செய்த பிறகும் விடாது. இதில் எது நாளை வரும் என்று தெரிந்தால் நான் ஏன் வேலைக்குப் போகிறேன்.

நேற்று ரேஸே நடக்கவில்லையாமே?

ஆமாம். புதன்கிழமை புயல்காற்றில் கூடாரங்கள் தாங்காது என்று முழு நாளையும் ரத்து செய்துவிட்டார்கள். அந்த ரேஸ்களை இன்றைக்கும் நாளைக்கும் பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள். தரை ஈரமாக இருக்கிறது, அது டென்மனுக்குப் பாதகம் இல்லை, கோட்டோ ஸ்டாரும் ஈரத்தில் ஓடியிருக்கிறது. இதை வைத்து யாரும் பெரிய தத்துவம் பேச வேண்டாம்.

இந்த மாதிரி மோதல் முன்னால் நடந்திருக்கிறதா?

1964. பெரியவர்களைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். மில் ஹவுஸ் 1963 கோல்ட் கப் ஜெயித்த ஆங்கிலேயர்களின் செல்லம், பிரம்மாண்டமான குதிரை. அயர்லாந்தில் ஆர்க்கிள் என்று ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. 1963 ஹென்னெஸ்ஸியில் இரண்டும் ஓடின, மில் ஹவுஸ் ஜெயித்தது, ஆர்க்கிள் மூன்றாவது. வேலி தாண்டி இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது என்று ஐரிஷ்காரர்கள் சொன்னார்கள், சாக்கு என்று ஆங்கிலேயர்கள் சிரித்தார்கள். மார்ச்சில் செல்ட்னத்தில் நாலே நாலு குதிரை. மில் ஹவுஸ் 8/13 ஃபேவரிட், ஆர்க்கிள் 7/4. ஆர்க்கிள் ஐந்து லெங்த்தில் ஜெயித்தது. அதற்குப் பிறகு மில் ஹவுஸால் அதை ஒருமுறைகூட ஜெயிக்க முடியவில்லை. 1966-இல் ஆர்க்கிளின் விலை 1/10, பத்து ரூபாய் கட்டினால் ஒரு ரூபாய் லாபம்!

அந்த வருடமும் நடப்புச் சாம்பியன்தான் ஃபேவரிட். அதனால் நாளையும் அப்படியே நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மூன்றாவதாக யாராவது புகுந்து ஜெயித்துவிட்டால்?

புகலாம். நிக்கல்ஸின் இன்னொரு குதிரை, வெளிர் நிறத்து நெப்டியூன் கொலோன்ஜ், களைப்பே தெரியாதது. 2006 வெல்ஷ் நேஷனல் ஜெயித்த ஹால்கான் ஜெனலார்டே சேற்றில் நாள் முழுக்க ஓடும். ஜெயிப்பதற்கு இல்லை, இடம் பிடிப்பதற்குக் கட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் பார்க்கலாம். முதல் இரண்டு இடத்தையும் வரிசையாகச் சொல்கிற ஃபோர்காஸ்ட் வேண்டாம், ஊரே அதைத்தான் கட்டியிருக்கும், கைக்கு வருவது டீ செலவுக்குத்தான் ஆகும்.

நீங்கள் எதில் கட்டியிருக்கிறீர்கள்? மழுப்பாமல் சொல்லவும்.

டென்மன். ஹென்னெஸ்ஸி முடிந்து ரயிலேறுவதற்கு முன்னாலேயே கட்டிவிட்டேன், இப்போது இருப்பதைவிட நல்ல விலைக்கு. மாதக்கணக்கில் முன்கூட்டியே கட்டினால் ஆபத்து என்ன என்றால், குதிரை ஓடாவிட்டால் பணம் போச்சு. சில வருடங்களுக்கு முன் எனக்கு அப்படி நடந்திருக்கிறது, ஒரு குதிரை மேல் கட்டிவிட்டு மூன்று மாதம் கனவு கண்டேன், பந்தயத்துக்கு முந்தின வாரம் அதற்குக் கால் வீங்கிவிட்டது. வீட்டில் சொல்லவே இல்லை. அதிலிருந்து ஒரு சினிமாவும் சாப்பாடும் ஆகிற காசுக்கு மேல் கட்டுவதில்லை, நீங்களும் கட்டாதீர்கள். என் மனைவி கோட்டோ ஸ்டார் கட்சி, நெற்றியில் வெள்ளைக் கோடு அழகாக இருக்கிறதாம். போன வருடம் அவள் காரணம்தான் ஜெயித்தது.

இரவு ஒன்பது மணி வாக்கில் இங்கே பார்க்கப் போகிறோம். எந்த இடத்தில் கண் வைக்க வேண்டும்?

முதல் சுற்று சும்மா பாருங்கள். இரண்டாவது சுற்றில் மைதானத்தின் அந்தக் கோடியில், இறக்கம் தொடங்குவதற்கு முன்னால், டென்மன் முன்னே போய்விட்டதா என்று பாருங்கள். போய்விட்டால் அதைப் பார்க்காதீர்கள், பின்னால் வருகிற ரூபியின் கைகளைப் பாருங்கள். அந்தக் கைகள் அசையாமல் இருந்தால் கோட்டோ ஸ்டாரிடம் இன்னும் சரக்கு இருக்கிறது, நேர் ஓட்டத்தில் இரண்டு வேலி, அப்புறம் ஏற்றம், அதில் விழுங்கிவிடும். இறக்கத்திலேயே கைகள் தள்ள ஆரம்பித்துவிட்டால் நான் எழுந்து நிற்பேன், என் வீட்டில் ஒருத்தி டிவியை அணைக்கப் பார்ப்பாள்.